சத்தமாகச் சொன்ன விண்ணப்பம்

"புத்தகத்த மூடிட்டா உனக்கு ஜெபம் வருமா, பிள்ளை?"

மதினி இதைக் கேட்டபோது வாசலில் உட்கார்ந்து கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். கேலியாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். அவள் முகத்தில் கேலி இல்லை. நிஜமாகவே சந்தேகப்பட்டுத்தான் கேட்டாள். அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது.

அந்த மாதம்தான் மதுரை போர்டிங் பள்ளிக்கூடத்தில் எட்டாவது தேறி ஊர் திரும்பியிருந்தேன். எனக்குப் பதினேழு வயது. எங்கள் வம்சத்தில் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் ஆள் நான். அய்யா தம் ஆயுளில் போட்டதெல்லாம் பெருவிரல் ரேகை. அவர் இறந்த பின் அண்ணன் மேகமலை ஏலத்தோட்டத்தில் வேலைக்குப் போய், கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் கிடந்து என்னைப் படிக்க வைத்தார். மதினி அவர் மனைவி. என்னைவிட நான்கு வயது மூத்தவள். ஆண்டிபட்டிப் பக்கம் வானம் பார்த்த ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். எழுத்து தெரியாது.

போர்டிங்கில் ஒரு நாளைக்கு ஐந்து முறை ஜெபம். எழுந்ததும், சாப்பாட்டுக்கு முன், பாடத்துக்கு முன், பொழுது சாய்ந்ததும், படுக்கும் முன். ஒவ்வொன்றுக்கும் மணி அடிக்கும். கடைசி இரண்டு வருடமும் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று ஜெபம் சொன்னது நான்தான். என் குரல் நன்றாக இருக்கிறது என்று டீச்சரம்மாமார் சொல்வார்கள். கணக்கும் பூகோளமும் கற்றுக்கொண்டதுபோல ஜெபத்தையும் கற்று முடித்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன்.

"வரும் மதினி. புத்தகம் இல்லாமலே வரும்" என்றேன்.

"அப்பச் சரி" என்று அவள் சுளகைத் தட்டினாள்.

எங்கள் ஊர் சின்னமனூரிலிருந்து மலைப்பக்கமாக நடந்து வருகிற தூரத்தில் இருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பங்கள் பதினான்கு. மண்சுவரும் கூரையுமாக ஒரு ஜெப வீடு. பொழுது இறங்கும் நேரத்தில் அதன் முன்னால் தொங்குகிற இரும்புத் துண்டைத் தட்டுவார்கள். வயலிலிருந்து வந்தவர்கள் வாய்க்காலில் கைகால் கழுவிக்கொண்டு அப்படியே வந்து உட்காருவார்கள். ஒரு பாட்டு, ஒரு வாசிப்பு, அதன்பின் விண்ணப்பம். அந்த விண்ணப்பம்தான் எங்கள் ஊர் வழக்கத்திலேயே பெரிய பகுதி. அவரவர் தேவையைச் சொல்ல, ஜெபம் நடத்துகிற உபதேசியார் ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கடவுளிடம் கேட்பார். ஒவ்வொன்றின் முடிவிலும் எல்லாரும் ஆமென் சொல்ல வேண்டும். தன் பேருக்கு எத்தனை ஆமென் விழுந்தது என்று கவனிக்கிறவர்களும் உண்டு.

உபதேசியாருக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் நழுவும். ஒருவருடைய மாட்டை மறந்துவிடுவார், இன்னொருவருடைய மகனின் காய்ச்சலை மறந்துவிடுவார். மறந்தால் மறுநாள் சண்டை. தெற்குத் தெருப் பெரியவர் ஒருவர் கதிரடித்து முடியும்வரை மழை வேண்டாம் என்று கேட்கச் சொல்வார். அவர் தம்பி, நாற்றங்கால் காய்கிறது, இன்றைக்கே மழை வேண்டும் என்று கேட்கச் சொல்வார். உபதேசியார் இரண்டையும் கேட்டுவிட்டு, உமது சித்தம் என்று முடித்துவிடுவார். கோழி தொலைத்த ஒரு அக்கா, கோழி திரும்ப வேண்டும் என்பதோடு எடுத்தவள் பேரையும் சேர்த்துச் சொல்லச் சொல்வாள். அந்தப் பேர் மட்டும் அவருக்கு ஒவ்வொரு தடவையும் தவறாமல் மறந்துவிடும்.

நான் ஊர் வந்த சில நாட்களில் அவர் மலைத்தோட்டங்களுக்குப் போய் அங்கே இருக்கிற சபையாரைப் பார்த்துவர வேண்டியிருந்தது. திரும்பும்வரை மாலை ஜெபத்தை நான் நடத்தட்டும் என்றார். பெண்பிள்ளை நடத்துவதா என்று இரண்டு பேர் முனகினார்கள். வாசிக்கத் தெரிந்த வேறு ஆள் இல்லாததால் அந்த முனகல் அடங்கிவிட்டது.

முதல் நாளே பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த நோட்டு ஒன்றை எடுத்துப் போனேன். விண்ணப்பங்களை வரிசையாக எழுதிக்கொண்டேன். அவர்கள் பேச்சில் சொன்னதை நான் கோயில் தமிழில் மாற்றி வாசித்தேன். மாட்டுக்குக் கோமாரி என்று சொன்னவர், தம் ஜீவனத்துக்கு ஆதாரமான வாயில்லாப் பிராணி என்று அது என் வாயிலிருந்து வருவதைக் கேட்டுத் தம் மாட்டையே புதிதாகப் பார்க்கிறவர்போல உட்கார்ந்திருந்தார். ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஆமென் கூரையைத் தொட்டது. உபதேசியார் திரும்பி வந்த பிறகும், "இனி அந்தப் பிள்ளையே வாசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். அவரும் நிம்மதியாகப் பாட்டோடும் வாசிப்போடும் நிறுத்திக்கொண்டார்.

அம்மா அந்த நாட்களில் ஊருக்குள் நடந்த நடையே வேறு.

ஒரு நாள் காலை வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். பாதியில் மதினி எழுந்து, கரையில் தாழம்புதர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாய் கொப்பளித்துவிட்டு, சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மூணு மாசம் ஆச்சு. அத்தைக்குத் தெரியாது. உங்க அண்ணன்கிட்டயும் சொல்லல. நீ மட்டும் மனசுக்குள்ள கேட்டுக்க, தாயி."

அதற்கு முன் இரண்டு தடவை அவளுக்கு நின்று, நிலைக்காமல் போயிருந்தது. இரண்டு தடவையும் ஊருக்குச் சொன்ன சில நாட்களில் போயிற்று. சொன்னதால்தான் போயிற்று என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. கண்பட்டது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், உபதேசியார் அதற்கு விடமாட்டார். ஆனால் நினைப்பதை யார் தடுக்க முடியும்? அண்ணன் அடுத்த முறை மலையிலிருந்து இறங்கும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் காத்திருந்தாள். எனக்கு மட்டும் ஏன் சொன்னாள் என்று பிற்பாடு பலமுறை யோசித்தேன். வாசலில் கேட்ட அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை அவள் நம்பியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதினேன். மறந்துவிடக் கூடாது, தனியாக ஜெபிக்கும்போது ஞாபகம் வர வேண்டும் என்றுதான் எழுதினேன். ஆனால் அன்றைய பக்கத்திலேயே எழுதினேன்.

மாலையில் வாசித்துக்கொண்டே வந்தேன். காய்ச்சல், வழக்கு, பட்டாளத்துக்குப் போன மகன், நாற்றங்கால். அடுத்த வரி அதுதான் என்று கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாமல் வாசித்துவிட்டேன் என்று இன்றுவரை யாரிடமும் நான் சொல்லவில்லை, இங்கேயும் சொல்ல மாட்டேன். நிறுத்தியிருக்கலாம். ஒரு வரியைத் தாண்ட எத்தனை நேரம் ஆகும்? ஆனால் குரல் அப்போது நல்ல ஓட்டத்தில் இருந்தது. எல்லாரும் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். இரண்டு முறை வெறுமையான மடியில் மூன்றாம் முறை உயிர் தந்தவரே என்று ஒரு வாக்கியம் தானாகக் கூடிவந்தது. அது அழகாக இருந்தது. "எங்கள் வீட்டு மருமகளுக்காக" என்று தொடங்கிச் சொல்லிவிட்டேன்.

ஆமென் அன்றைக்கு வழக்கத்தைவிட ஓங்கி விழுந்தது. பெண்கள் பக்கம் எல்லாத் தலைகளும் திரும்பின. மதினி முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்தாள். ஆசீர்வாதம் சொல்லுமுன் யாரும் வெளியே போகிற வழக்கம் இல்லை. அவள் போனாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்பைக் கூட்டிக்கொண்டிருந்தாள். முகத்தை நிமிர்த்தவே இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"ஊரெல்லாம் ஆமென் சொல்லியாச்சு. இனி ஏதும் ஒண்ணு ஆச்சுன்னா அதையும் எழுதி வாசிச்சுரு" என்றாள்.

அம்மாவுக்கு வேறு வருத்தம். வீட்டு மருமகள் மாசமாக இருப்பதை ஊரோடு ஊராக உட்கார்ந்து கேட்க வேண்டி வந்ததே என்று. முதலில் மதினியிடம் பேசவில்லை, பிறகு என்னிடமும் பேசவில்லை. மறுநாள் காலையிலிருந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள். பப்பாளிப் பக்கமே போகாதே, ஒருக்களித்துப் படு, போன தடவை எத்தனையாவது நாளில் போயிற்று என்று ஆளுக்கொன்று. கோழி அக்கா மதினியின் வயிற்றையே உற்றுப் பார்த்துவிட்டு, "நாங்க நித்தம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றாள். மதினி எல்லாருக்கும் மோர் கொடுத்தாள். அதற்குப் பின் அவள் மாலை ஜெபத்துக்கு வரவில்லை.

ஏலச்சுமை இறக்க வந்தவர்களோடு சேதி மலைக்கும் ஏறிவிட்டது. அண்ணன் அடுத்த முறை இறங்கி வந்தபோது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். மதினி தன் வாயால் சொல்லக் காத்திருந்த ஒரு சேதியை நான் எடுத்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியாது. அவள் அவரிடம் என்னைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அன்று தொடங்கி என் ஜெபம் கெட்டது.

மாலையில் நடத்துவது நின்றுவிடவில்லை. நின்று வாசித்தேன், அவர்களும் ஆமென் சொன்னார்கள். காலையில் தனியாக உட்காரும்போதுதான் தெரிந்தது. எங்கள் வீடு ஒற்றை அறை, தனியிடம் என்பது மாட்டுக்கொட்டில்தான். அங்கே வைக்கோல் போருக்குப் பின்னால் முழங்காலிட்டுக் கண்ணை மூடுவேன். அந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று தொடங்குவேன். உடனே உள்ளே ஒரு குரல் கேட்கும்: யாருக்காகக் கேட்கிறாய்? அது நிலைக்காமல் போனால் இந்த ஊர் உன்னை என்ன சொல்லும் என்றுதானே கேட்கிறாய்? இல்லை என்று சொல்ல முடியவில்லை. மதினியின் முகத்தை மனதில் நிறுத்திப் பார்த்தேன். அந்த முகம் வந்த கையோடு, ஜெப வீட்டில் என்னைப் பார்த்துத் திரும்பப்போகிற தலைகளும் வந்தன. மறுபடி தொடங்குவேன். மறுபடி அதே இடத்தில் நின்றுவிடும். போர்டிங்கில் படித்த வார்த்தைகள் எல்லாம் இருந்தன. பிதாவே என்பதற்கே எத்தனை அடைமொழி தெரியும் எனக்கு. ஒன்றும் உதவவில்லை.

நாள் முழுக்க அவளையே கவனித்துக்கொண்டிருந்தேன். குடத்தை இடுப்பில் வைத்தால் பயம். குனிந்து சாணி அள்ளினால் பயம். கொல்லைப்புறம் போய்த் திரும்ப நேரமானால் என் கால் தானாக அங்கே போய் நிற்கும். என்னைப் பார்த்ததும் அவள், "என்ன, பக்கம் நிரப்பணுமா?" என்பாள். அவள் கையிலிருந்து குடத்தை வாங்கப் போனால் விடமாட்டாள். தான் சுமந்தால்தான் தனக்கு நிம்மதி என்பதுபோல விறுவிறுவென்று நடப்பாள். நான்காவது மாதம் போயிற்று. ஐந்தாவதில் வயிறு தெரிய ஆரம்பித்தது. என் பயம் குறையும் என்று நினைத்தேன். பெரிதாக இருக்கிற ஒன்று விழுந்தால் சத்தமும் பெரிதாக இருக்கும் என்று தோன்றிப் பயம் கூடத்தான் செய்தது.

ஒரு நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து அம்மா என்னைக் கூப்பிட்ட குரலில் என்ன என்று புரிந்துவிட்டது. மதினி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சேலையில் ரத்தம். நிறைய இல்லை. ஆனால் போன இரண்டு தடவையும் இப்படித்தான் கொஞ்சமாகத் தொடங்கியது என்று அம்மா சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். மதினி அழவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன் நிற்க முடியாமல் வண்டி கேட்க ஓடினேன்.

கோமாரி மாட்டுக்காரர் வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்தார். வைக்கோலைத் தடிமனாகப் போட்டு அதில் மதினியைப் படுக்கவைத்துச் சின்னமனூர் கொண்டுபோனோம். அங்கிருந்து தேனிக்குப் பஸ். இந்த யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில்தான் ஓடுகின்றன. பின்னால் பீப்பாய்போல ஒன்று கட்டியிருக்கும், அதில் கரியைப் போட்டு விசிறியைச் சுற்றி அனல் ஏற்றினால்தான் வண்டி கிளம்பும். கிளீனர் அரைமணி நேரம் சுற்றினார். நான் அந்த விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறி உட்கார்ந்ததும், பின்சீட்டில் படுத்திருந்த மதினி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கேளு" என்றாள். "சத்தமா வேணாம்."

கண்ணை மூடினேன். ஒன்றும் வரவில்லை. நிஜமாகவே ஒன்றும் இல்லை. ஒரு வாக்கியத்தின் தொடக்கம்கூட இல்லை. கண்ணைத் திறந்து சாலையைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்கள், தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் பஸ் தூக்கிப்போடும்போது அவள் பிடி இறுகியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் "இருக்கட்டும்" என்றேன், உள்ளுக்குள். வேறொன்றும் சொல்லவில்லை. பிதாவே என்றுகூடச் சொல்லவில்லை. பள்ளம் வரும், இருக்கட்டும். இன்னொரு பள்ளம், இருக்கட்டும். தேனி வரும்வரை அப்படியே. அப்போதாவது எனக்காகக் கேட்காமல் அவளுக்காக மட்டும் கேட்டேனா? தெரியவில்லை. அதை யோசிக்க அன்றைக்கு இடைவெளி இருக்கவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்கள். பிறகு, குழந்தையின் துடிப்பு கேட்கிறது என்றார்கள். மதினி அப்போதுதான் அழுதாள். மூன்று நாள் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள், ரத்தம் நின்றது. அனுப்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னது ஒன்று: பிரசவம்வரை படுக்கையில்தான் இருக்க வேண்டும், ஒரு சொம்பைக்கூடத் தூக்கக் கூடாது, இல்லாவிட்டால் பொறுப்பேற்க முடியாது. சொல்லிவிட்டு, "வீட்டில் செய்ய ஆள் இருக்கிறதா?" என்று கேட்டார்கள்.

அம்மா நடவுக்கும் களைக்கும் போனால்தான் வீட்டில் உலை. அண்ணன் மலையில். மதினி, "நாங்க பாத்துக்கிறோம்" என்றாள். அவள் சொன்ன "நாங்க" யார் என்று அவளுக்கே தெரியாது.

ஊர் வந்த அன்று மாலை ஜெப வீட்டுக்குப் போனேன். இனி விண்ணப்பங்களை நான் வாசிக்கப் போவதில்லை, அவரவர் தம் தேவையை அமைதியாகக் கேட்டுக்கொள்ள நேரம் விடலாம் என்று உபதேசியாரிடம் சொன்னேன். அவர் சரி என்றார். சபையாருக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் சும்மா இருந்தால் எந்தக் கோழி யாருடையது என்று கடவுளுக்கு எப்படித் தெரியும் என்று கோழி அக்கா கேட்டாள். சிரிப்பு வந்தது எல்லாருக்கும், எனக்கும். ஆனாலும் அன்றைக்கு அமைதியாகத்தான் இருந்தார்கள். அவ்வளவு பேர் வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிடத்தில் என்னைத் தவிர வேறு யாருக்காவது பயமாக இருந்ததா என்று கேட்டுப் பார்க்கவில்லை.

காலையில் அம்மா வேலைக்குப் போனதும் மதினியின் பாய்க்குப் பக்கத்தில் உட்காருவேன். இன்றைக்கு என்ன கேட்க என்று அவளிடமே கேட்பேன். முதல் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள், "இன்னைக்கு மட்டும் கேளு, நாளைக்கு உள்ளத நாளைக்கு" என்றாள். அப்படியே கேட்டேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சேர்க்க ஆசை வரும்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். இப்போதும் சிலநாள் கடிக்க வேண்டியிருக்கிறது.

அந்த வாரத்தில்தான், ஊர் வருமுன்னே நான் மனுப் போட்டிருந்த மதுரை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலிருந்து எனக்கு இடம் கிடைத்த கடிதம் வந்தது. இன்னும் இருபது நாளில் வந்து சேர வேண்டும். அதை நான் எத்தனை முறை வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் குடும்பத்திலிருந்து ஒரு டீச்சர். மதினி அதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள்.

"போ, பிள்ளை. இதுக்காகத்தான் உங்க அண்ணன் அங்கன குளிர்ல கிடக்காக. நான் எப்படியும் கிடந்துருவேன்" என்றாள்.

அவள் மனதாரத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள், தண்ணீர்ச் சொம்பை எடுக்க. நான் எடுத்துக் கொடுத்தேன். காலையில் அந்தப் பிள்ளை இருக்கட்டும் என்று கேட்டுவிட்டு, இருபதாம் நாள் மதுரைக்குப் பஸ் ஏறுகிறவளாக என்னை நினைத்துப் பார்த்தேன். ஏறிவிடுவேன் என்றும் தெரிந்தது. அதற்குத்தான் பயந்தேன்.

இதை எழுதுகிற இன்று அவளுக்கு ஏழாம் மாதம். அடுத்த அறை என்று ஒன்று இல்லாததால் அவள் தூங்குகிற இதே அறையில், அவள் மூச்சு ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். பயம் போகவில்லை. மத்தியான நேரத்தில் அவள் அதிகநேரம் அசையாமல் தூங்கினால் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

பயிற்சிப் பள்ளித் தலைமை அம்மாவுக்குப் பதில் எழுதிவிட்டேன். வீட்டில் ஒருவர் படுக்கையில் இருக்கிறார், இந்த வருடம் வர இயலாது, அடுத்த வருடம் இடம் தர முடியுமானால் தயவுசெய்து தாருங்கள், தர முடியாது என்றாலும் தெரிவியுங்கள் என்று நான்கே வரி. மதினியிடமோ அம்மாவிடமோ சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை சின்னமனூர் வரை நடந்துபோய்த் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, அம்மா வேலைக்குக் கிளம்புமுன் திரும்பி வந்துவிட்டேன்.